பிளாஸ்டிக் கார், லொறி மாடல் கிட்: மலையகத்தில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஹட்டன், நுவரெலியா, பண்டாரவளை, பதுளைப் பக்கங்களில் மாடல் கிட் கட்டத் தொடங்குகிறவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் சந்தேகங்கள் இவை. கேட்டவர்களின் வாய்மொழியிலேயே கேள்விகளைப் போட்டிருக்கிறோம். கிட்டோடு வரும் விளக்கத்தாள் ஜப்பானின் அல்லது ஐரோப்பாவின் காலநிலையை நினைத்து எழுதியது. நம் பக்கத்துக் குளிரிலும் மூடுபனியிலும் என்ன மாற வேண்டும் என்பதற்கே இங்கே அதிக இடம் கொடுத்திருக்கிறோம்.

1. கடையில விக்கிற விளையாட்டுக் காருக்கும் இதுக்கும் என்ன வித்தியாசம்?

விளையாட்டுக் கார் முழுதாக வரும். கிட் துண்டு துண்டாக வரும். ஸ்ப்ரூ எனப்படும் பிளாஸ்டிக் சட்டங்களில் பாகங்கள் கொத்துக் கொத்தாக ஒட்டியிருக்கும். அவற்றை வெட்டி எடுத்து, தேய்த்து, ஒட்டி, பெயின்ட் அடித்து நீங்களே வாகனமாக்க வேண்டும். சாதாரண 1/24 கார் கிட்டில் ஏறக்குறைய நூறு பாகங்கள் இருக்கும். பெரிய லொறிக் கிட்டில் முந்நூறையும் தாண்டும்.

இந்தப் பிளாஸ்டிக் பொலிஸ்டைரீன். ஒட்டும் கம், பெயின்ட், வெப்பம் பற்றிக் கீழே வரும் பதில்கள் பெரும்பாலும் அதன் குணத்தை வைத்தே சொல்லப்படுகின்றன.

2. பெட்டியில 1/24, 1/32, 1/43ன்னு போட்டிருக்கே, அது என்ன கணக்கு?

உண்மை வாகனத்தை எத்தனையால் வகுத்திருக்கிறார்கள் என்பதுதான் அந்த எண். 1/24 என்றால் இருபத்து நான்கில் ஒரு பங்கு. எண் கூடக் கூட மாடல் சிறிதாகும். ஜப்பான் நிறுவனங்களின் கார்கள் பெரும்பாலும் 1/24, அமெரிக்கக் கிட்கள் பெரும்பாலும் 1/25, இராணுவ வாகனங்கள் 1/35.

நம் ஆட்களுக்கு 1/24 மிக வசதியான அளவு. உண்மையில் ஓர் அடி இருப்பது மாடலில் சரியாக அரை அங்குலம். லொறிக்காரர் சொல்லும் ‘பதினாலரை அடி’ போடி மாடலில் ஏழேகால் அங்குலம், ‘பத்தரை அடி’ ஐந்தேகால் அங்குலம். மேசன் டேப்பே போதும், கல்குலேட்டர் வேண்டாம்.

வைக்க இடம் இருக்கிறதா என்பதையும் வாங்கமுன் பாருங்கள். 1/24 மினி கூப்பர் 12.7 சென்டிமீட்டர்தான். நீண்ட போடி லேண்ட் ரோவர் 18.5 சென்டிமீட்டர். 16.5 மீட்டர் நீளமான ட்ரெய்லர் லொறியோ 69 சென்டிமீட்டர் வரும். அது சாதாரண அலுமாரித் தட்டில் அடங்காது.

3. முதன்முதலா எதை வாங்கலாம்? எனக்கு லொறி செய்யத்தான் ஆசை.

ஆசை லொறியாக இருந்தாலும் முதல் கிட் காராக இருக்கட்டும். லொறிக் கிட்டில் சேசிஸ் சட்டம் நேராக வராவிட்டால் பத்துச் சில்லில் இரண்டு தரையைத் தொடாது. அந்தப் பிழையைத் திருத்துவது புதியவருக்குக் கடினம்.

பத்து வயதுப் பிள்ளைக்கு என்றால் அஓஷிமாவின் 1/32 ‘ஸ்னாப்’ வரிசை நல்லது. கம்மும் வேண்டாம், பெயின்டும் வேண்டாம். நம் ரோட்டில் ஓடும் சுசுகி ஜிம்னி அதில் இருக்கிறது. பெரியவர்களுக்கு டமியாவின் 1/24 மொரிஸ் மினி கூப்பர் நல்ல தொடக்கம். பாகங்கள் இடைவெளி இல்லாமல் பொருந்தும். அதற்குப் பிறகு அஓஷிமாவின் 1/24 ஹையேஸ், அதாவது நாம் ‘கே.டி.எச்.’ என்று சொல்லும் வேன், அல்லது ரெவெலின் 1/24 லேண்ட் ரோவர் சீரீஸ் 3. பெரிய லொறிகள் வேண்டுமென்றால் இட்டாலெரியின் 1/24 வரிசையில் ஸ்கேனியா, வொல்வோ எல்லாம் கிடைக்கும். மூன்றாவது நான்காவது கிட்டாக அவற்றைத் தொடுங்கள்.

4. என்னென்ன சாமான் வேணும்? எல்லாமே வெளிநாட்டுல இருந்துதான் எடுக்கணுமா?

வெளியிலிருந்து எடுக்க வேண்டியவை இரண்டு: ஒரு நல்ல பக்கவெட்டுக் கட்டர், ஒரு போத்தல் மாடல் கம். கட்டர் வரும்வரை மெல்லிய பாகங்களை நகவெட்டியால் வெட்டலாம். பாகத்தோடு ஒட்டி வெட்டாமல் 2 மில்லிமீட்டர் தள்ளி வெட்டி, மிச்சத்தைக் கத்தியால் சீவுங்கள். ஒட்டி வெட்டினால் பிளாஸ்டிக் வெள்ளையாகக் கிழிந்து குழி விழும்.

மற்றதில் பெரும்பாலானவை டவுனிலேயே இருக்கின்றன. வோட்டர் பேப்பர், அதாவது நனைத்துத் தேய்க்கும் தாள், 400, 600, 1000, 2000 நம்பர்களில் வாகனப் பெயின்ட் விற்கும் கடையில் கிடைக்கும். உடையும் அலகுள்ள கத்தி, ட்வீசர், பல்குத்தி, துணிக்கிளிப், வெள்ளை நிற டிஸ்போசபிள் கரண்டி ஒரு கட்டு. கரண்டி நிறம் சோதிக்க. மஸ்கிங் டேப்பில் மட்டும் சிக்கனம் பார்க்காதீர்கள். ஹார்ட்வெயார் கடை டேப்பின் ஓரம் நார் நாராக இருப்பதால் பெயின்ட் உள்ளே ஊறிவிடும். நிறப் பிரிவு வரும் ஓரத்துக்கு மாடல் டேப்பையும், மற்ற இடத்தை மூடக் கடை டேப்பையும் பாவிக்கலாம்.

வெளிநாட்டுப் பார்சலுக்குச் சுங்க வரியைப் பொருளின் விலைக்கு மட்டும் போடுவதில்லை. அனுப்பும் கூலியையும் சேர்த்துத்தான் கணக்குப் பார்ப்பார்கள். அதையும் பட்ஜெட்டில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

5. சுப்பர் குளூ போதாதா? தனியா ஒரு கம் எதுக்கு?

மாடல் கம் என்பது உண்மையில் கரைப்பான். இரண்டு பக்கப் பிளாஸ்டிக்கையும் கரைத்து ஒன்றாக்கிவிட்டு ஆவியாகும். காய்ந்தபின் மூட்டு என்று தனியாக ஒன்று இருக்காது. மெல்லிய கம்மைப் பூசிவிட்டுப் பாகத்தை வைக்கக் கூடாது. பாகங்களைப் பொருத்திப் பிடித்துக்கொண்டு, இடுக்கில் பிரஷ் நுனியால் தொட்டால் கம் தானாக ஓடிப் பரவும். விரல் அந்த இடுக்கில் இருந்தால் விரலடிக்கும் ஓடிக் கைரேகையைப் பதித்துவிடும். இது எல்லோருக்கும் ஒருமுறையாவது நடக்கும்.

சுப்பர் குளூ உலோகத் துண்டுகளுக்கும் ரெசின் பாகங்களுக்கும் நல்லது. கண்ணாடிப் பாகங்களுக்கு ஆகவே ஆகாது. அதன் ஆவி காற்றின் ஈரத்தோடு சேர்ந்து கண்ணாடியில் வெள்ளைப் புகையாகப் படியும். நம் பக்கத்து ஈரத்தில் இது இன்னும் மோசம். கண்ணாடிக்குத் தச்சர் பாவிக்கும் வெள்ளைக் கம்மைப் பல்குத்தி நுனியால் வையுங்கள். தெளிவாகக் காயும், பிசகினால் ஈரத்துணியால் துடைத்துவிடலாம்.

பெயின்ட் அடித்த இடத்தில் மாடல் கம் பிடிக்காது என்பதையும் மறக்கவேண்டாம். ஒட்டும் முகத்தில் பெயின்டைச் சுரண்டிவிட்டு ஒட்டுங்கள்.

6. ஸ்ப்ரே டின்னைப் பார்சல்ல அனுப்ப முடியாதுன்னு சொல்றாங்க. நம்ம ஹார்ட்வெயார் கடை ஸ்ப்ரேயை அடிக்கலாமா?

எரியக்கூடிய வாயு அடைத்த டின் என்பதால் விமானத் தபால் ஏற்காது. உண்மைதான். கடை ஸ்ப்ரே அடிக்கலாம், ஆனால் நேரே பிளாஸ்டிக்கில் அல்ல. வாகனப் பெயின்டின் கரைப்பான் பொலிஸ்டைரீனை அரிக்கும். மேற்பரப்பு தோல் சுருங்கியது போல, அல்லது நுண் வெடிப்புகளாக வரும். கராஜில் பாவிக்கும் என்.சி. தின்னர் அதைவிடக் கடுமை. அதில் ஊறிய துணியால் துடைத்தாலே பாகம் போய்விடும்.

செய்முறை இது. முதலில் பிளாஸ்டிக்குக்கு ஏற்ற பிரைமர், அதாவது நிறத்துக்கு முன் அடிக்கும் அடிப்பூச்சு. அதன்மேல் கடை நிறத்தை மிக மெல்லிய தூறலாக மூன்று தடவை, ஒவ்வொன்றுக்கும் நடுவில் 15 நிமிடம். கடைசியில் மட்டும் நனையும்படி ஒரு தடவை. புதிய டின் எதுவானாலும் அந்தப் பிளாஸ்டிக் கரண்டியில் அடித்து ஒரு நாள் விட்டுப் பார்த்தபின்தான் மாடலுக்கு.

டமியா டின் கிடைத்தால் எழுத்தைப் பாருங்கள். ‘டி.எஸ்.’ வரிசைதான் நமக்கானது. ‘பி.எஸ்.’ வரிசை ரிமோட் கார்களின் பொலிகார்பனேட் போடிக்கானது. அது பொலிஸ்டைரீனைக் கெடுக்கும். இரண்டு டின்னும் பார்க்க ஒன்றுபோல இருப்பதால் மாறிப்போவது அடிக்கடி நடக்கிறது.

7. போடியைக் கழுவு, தேய், பிரைமர் அடின்னு சொல்றாங்க. அவ்வளவும் கட்டாயமா?

கட்டாயம். அச்சிலிருந்து பாகம் கழன்று வரப் பூசும் எண்ணெய்ப் பசை மேலே ஒட்டியிருக்கும். அதன்மேல் பெயின்ட் மீன்கண் போல விலகி நிற்கும். பாத்திரம் கழுவும் திரவமும் பழைய பல்துலக்கியும் போதும். கழுவியபின் வெறுங்கையால் தொடாதீர்கள்.

அடுத்து அச்சுக் கோடு. போடியின் மூலைகளில், முன் மட்கார்ட் மேல், கூரைத் தூண்களில் மயிரிழை போல ஒரு கோடு ஓடும். கத்தியின் முதுகால் சுரண்டி, 600 வோட்டர் பேப்பரைத் தண்ணீரில் நனைத்துத் தேயுங்கள். பிரைமர் இரண்டு மெல்லிய பூச்சு. சாம்பல் நிறம் படிந்ததும் நீங்கள் காணாத கீறல்களெல்லாம் தெரியும். திருத்தி, 1000 நம்பரால் மெதுவாகத் தடவி, பிறகு நிறம். கதவு, பொனட் கோடுகள் ஆழமில்லாமல் இருந்தால் பிரைமருக்கு முன்பே ஊசியால் ஆழமாக்குங்கள். பெயின்ட் நிரம்பியபின் முடியாது.

8. பளபளப்பா அடிச்ச பெயின்ட் காயும்போது பால் ஊத்தின மாதிரி வெள்ளையாப் பூத்துப்போகுது. டின் பழசா?

டின்னில் குறையில்லை, காற்றில் ஈரம். லெக்கர் எனப்படும் கடும் வகைப் பெயின்டின் கரைப்பான் வேகமாக ஆவியாகும்போது மேற்பரப்பின் சூட்டை இழுத்துக்கொள்ளும். குளிர்ந்த அந்தப் பரப்பில், மூடுபனிக் காற்றின் ஈரம் பனித்துளியாக இறங்கிப் பெயின்டுக்குள்ளேயே அகப்படும். அதுதான் அந்த வெள்ளை. காற்றின் ஈரப்பதம் 70 வீதத்தைத் தாண்டினால் ஆபத்து. மலையில் மாலை மூன்று மணிக்கு மேல் பெரும்பாலான நாட்களில் தாண்டிவிடும். ஈரமானி ஒன்று விலை அதிகமில்லை. இந்த வேலைக்கு அதைவிடப் பயனுள்ள கருவி வேறில்லை என்றே சொல்வோம்.

ஆகவே பெயின்ட் வேலைக்கு நாள் பாருங்கள். ஹட்டன், நோர்வூட், மஸ்கெலியா, கினிகத்தேனைப் பக்கம் மே முதல் செப்டெம்பர் வரை தென்மேல் மழை. அங்கே ஜனவரி முதல் மார்ச் வரை நல்ல காலம். பண்டாரவளை, அப்புத்தளை, பதுளைக்கு நேர்மாறு: ஒக்டோபர் முதல் ஜனவரி வரை மழை, ஜூன் முதல் செப்டெம்பர் வரை வறட்சி. ஊவாப் பக்கம் அந்த மாதங்களில் ஈரத்தைவிடக் காற்றில் பறக்கும் தூசிதான் எதிரி. நுவரெலியாவுக்கு இரண்டு மழையும் உண்டு என்பதால் அங்கே மாதம் பார்ப்பதைவிட மணி பார்க்க வேண்டும். காலை ஒன்பதரைக்கு மேல், பனி விலகி வெயில் ஏறியபின், பகல் ஒரு மணிக்குள் முடித்துவிடுங்கள். மழை மாதங்களைப் பாகம் வெட்டவும் தேய்க்கவும் என்ஜின் கட்டவும் வைத்துக்கொண்டால் வேலை நிற்காது.

ஏற்கெனவே பூத்துவிட்டால் பதறித் தேய்க்காதீர்கள். காய்ந்த நாளொன்றில் அதே நிறத்தை அல்லது கிளியரை (நிறமில்லாத மேற்பூச்சு) மெல்லிய ஈரப் பூச்சாக ஒருமுறை அடித்தால், அடியிலிருக்கும் பெயின்ட் இளகி ஈரம் வெளியேறும். பெரும்பாலும் வெள்ளை மறைந்துவிடும். மறையாவிட்டால்தான் 1500, 2000 பேப்பர்.

குளிரில் இன்னொரு தொல்லை: டின்னுக்குள் அழுத்தம் குறைந்து, பெயின்ட் தூறலாக வராமல் துளித்துளியாகத் துப்பும். கை பொறுக்கும் சூட்டுத் தண்ணீரில், அதாவது 40 பாகைக்கு மேற்படாமல், டின்னை ஐந்து நிமிடம் நிறுத்துங்கள். கொதிநீரிலோ அடுப்பிலோ வைத்தால் வெடிக்கும். எடுத்ததும் டின்னைத் துடைக்காமல் அடித்தால் அடியிலிருந்து தண்ணீர் சொட்டி மாடலில் விழும்.

9. அப்ப அடுப்புக்கிட்ட வச்சா சுறுக்காக் காயுமே?

வேண்டாம். விறகுப் புகையின் கரி ஈரப் பெயின்டில் கறுப்புப் புள்ளியாக ஒட்டும். பொலிஸ்டைரீன் 60, 70 பாகையிலேயே வளையத் தொடங்கும். கூரைத் தூண்கள்தான் முதலில் போகும். கரைப்பான் ஆவியும் நெருப்பும் ஓரிடத்தில் இருக்கவும் கூடாது.

மூடியுள்ள பெரிய பிளாஸ்டிக் பெட்டியில் இருபக்கமும் சில துளைகள் இட்டு, 25 வொட் பழைய இழை பல்ப் ஒன்றை மாடலிலிருந்தும் பெட்டிச் சுவரிலிருந்தும் ஓர் அடி தள்ளி மாட்டினால் நல்ல உலர்பெட்டி. எல்.ஈ.டி. பல்ப் சூடு தராது. உள்ளே வெப்பமானி வைத்து 40 பாகையைத் தாண்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அடித்த உடனே உள்ளே வைக்காமல், அரை மணிநேரம் வெளியே மூடி வைத்து ஆவி போனபின் வையுங்கள். ஆளில்லாத வீட்டில் எரியவிட்டுப் போகாதீர்கள். பெட்டி இல்லாவிட்டால், விளக்கத்தாள் சொல்லும் ஒரு நாளை மூன்று நாளாக எடுத்துக்கொள்ளுங்கள். மூக்குக்கு மணம் வரும்வரை பெயின்ட் காயவில்லை என்று அர்த்தம்.

10. லயத்துல ஒரே அறைதான் இருக்கு. ஸ்ப்ரே மணம் பிள்ளைகளுக்கு ஆகாதே?

ஆகாதுதான். அறைக்குள் ஒருபோதும் அடிக்காதீர்கள். இஸ்தோப்பில், அல்லது வீட்டின் காற்று மறைவான பக்கத்தில், அட்டைப்பெட்டி ஒன்றைப் பக்கவாட்டில் சாய்த்து அதற்குள் அடியுங்கள். துணி முகக்கவசம் தூசியைத்தான் தடுக்கும், ஆவியைத் தடுக்காது. கரித்தோட்டா பொருத்திய கவசம் வேண்டும். அது கிடைக்கும்வரை ஸ்ப்ரேயை விட்டுவிட்டு, தண்ணீரில் கரையும் அக்ரிலிக்கைப் பிரஷ்ஷால் பூசுங்கள். லேண்ட் ரோவர், பழைய லொறி போன்றவற்றுக்குப் பிரஷ் பூச்சே போதுமான அழகு தரும்.

மழை விட்ட மாலையில் விளக்கடியில் அடிக்கவும் வேண்டாம். ஈசல் வந்து ஒட்டும்.

11. மச்சான் ஜப்பான்ல இருந்து ஏர்பிரஷ் கொம்ப்ரசர் கொண்டுவாறார். அப்பிடியே பிளக் போடலாமா?

போட்டால் மோட்டர் எரியும். ஜப்பான் மின்சாரம் 100 வோல்ட், இலங்கை 230 வோல்ட். இறக்கும் ட்ரான்ஸ்போமர் வேண்டும். மோட்டர் கிளம்பும்போது அதிக மின்சாரம் இழுக்கும் என்பதால், கொம்ப்ரசரில் எழுதியிருக்கும் வொட்டைப் போல மூன்று நான்கு மடங்கு தாங்கும் ட்ரான்ஸ்போமராக எடுங்கள். காற்றால் பெயின்ட் தூவும் ஏர்பிரஷ்ஷை மட்டும் அவரிடம் சொல்லிவிட்டு, கொம்ப்ரசரை இங்கே வாங்குவது புத்தி.

0.3 மில்லிமீட்டர் ஊசியும் 15 முதல் 20 பி.எஸ்.ஐ. அழுத்தமும் கார் போடிக்குச் சரி. பெயின்ட் ஒரு பங்கு, தின்னர் ஒன்று முதல் இரண்டு பங்கு. பால் போல ஓட வேண்டும். நீர்ப்பொறி இல்லாத கொம்ப்ரசரை மலையில் வாங்கவே வாங்காதீர்கள். அழுத்திய காற்றிலிருந்து பிரியும் தண்ணீர் குழாய் வழியே வந்து போடியில் தெறிக்கும். அடிக்கத் தொடங்குமுன் பொறியைத் திறந்து வடித்துவிடுங்கள்.

12. லெக்கர், அக்ரிலிக், எனாமல்: எதுக்கு மேல எது?

கடுமையான கரைப்பான் அடியில், மென்மையானது மேலே. லெக்கரின் மேல் அக்ரிலிக்கும் எனாமலும் போகலாம். எனாமலின் மேல் லெக்கர் அடித்தால் வற்றிய குளத்துச் சேறு போல வெடிக்கும். கடையில் ‘எனாமல் ஸ்ப்ரே’ என்று எழுதிய டின்னுக்கும் இதே விதிதான்.

13. சிவப்புப் பிளாஸ்டிக் போடிக்கு வெள்ளை அடிச்சேன், ரோஸ் நிறமா வந்துருச்சி.

பிளாஸ்டிக்கின் சாயம் மேலே ஏறியிருக்கிறது. இன்னும் வெள்ளை அடித்துப் பயனில்லை. வெள்ளி நிறம் ஒரு பூச்சு அடித்துத் தடுப்புப் போடுங்கள். அதன்மேல் பிரைமர், பிறகு வெள்ளை.

14. ஸ்டிக்கர் மாதிரி வர்ற டிகாலை ஒட்டினா அதைச் சுத்தி வெள்ளி போல மினுங்குது.

டிகாலுக்கடியில் காற்று அகப்பட்டிருக்கிறது. மங்கல் பெயின்ட் கிட்டப் பார்த்தால் கரடுமுரடு. அதன் குழிகளில் காற்று தங்கும். டிகால் போகும் இடத்தில் முதலில் பளபளப்புக் கிளியர் அடித்துக் காயவிடுங்கள். இளஞ்சூட்டுத் தண்ணீரில் 15 விநாடி அமிழ்த்தி, வெளியே எடுத்து ஒரு நிமிடம் வைத்தால் தாளிலிருந்து நழுவும். தண்ணீரிலேயே மிதக்கவிட்டால் பசை கரைந்துபோகும். டிகாலை இளக்கும் திரவம் தொட்டு, நனைந்த பஞ்சால் நடுவிலிருந்து ஓரத்துக்கு உருட்டுங்கள். மினுக்கம் ஏற்கெனவே வந்துவிட்டால், ஊசியால் நுண்துளை குத்தி அதே திரவத்தை விட்டால் பெரும்பாலும் அடங்கும்.

டிகால் தாளைப் பெட்டியிலேயே விட்டால் நம் ஈரத்தில் மஞ்சளாகும், ஒன்றோடொன்று ஒட்டும். கிட் வந்த அன்றே சிலிக்கா பக்கெட்டோடு சிப் பையில் போடுங்கள். மஞ்சளானதை யன்னல் கண்ணாடியில் வெயில்படச் சில நாள் ஒட்டிவைத்தால் வெளுக்கும்.

15. நம்ம நம்பர் பிளேட்டும், கதவுல தோட்டத்துப் பேரும் தமிழ்ல போடணும். முடியுமா?

முடியும். டிகால் தாள் தெளிவானது, வெள்ளை அடியுள்ளது என்று இரண்டு வகை. வீட்டுப் பிரின்டர் வெள்ளை நிறத்தை அச்சிடாது. ஆகவே நம்பர் பிளேட்டுக்கு வெள்ளை அடித்தாள், வெளிர்நிறக் கதவில் கறுப்பு எழுத்துக்குத் தெளிவான தாள். கறுப்புக் கதவில் வெள்ளை எழுத்து வேண்டுமானால் கையால் எழுதுவதுதான் வழி. இங்க்ஜெட்டில் அடித்தால் தண்ணீரில் போடுமுன் கிளியர் அடித்து மூடுங்கள், இல்லாவிட்டால் எழுத்துக் கரைந்தோடும். லேசர் பிரின்டருக்கு அது அவ்வளவு அவசியமில்லை.

காலத்துக்கு ஏற்ற பிளேட் போடுங்கள். 2000க்குப் பிந்திய ஆங்கில எழுத்து வரிசையில் முன்பிளேட் வெள்ளை, பின்பிளேட் மஞ்சள், எழுத்துக் கறுப்பு. அதற்கு முந்திய ‘ஸ்ரீ’ வரிசைக்குக் கறுப்புப் பிளேட்டில் வெள்ளை எழுத்து. தமிழ் எழுத்தை மிகச் சிறிதாக்கினால் சுழிகள் அடைத்துக்கொள்ளும். உயரம் 2 மில்லிமீட்டருக்குக் குறையாமல், தடிப்பில்லாத எழுத்துருவாகத் தேர்ந்தெடுங்கள்.

16. பம்பர், கிரில் எல்லாம் குரோம் பூசி விளையாட்டுச் சாமான் மாதிரி மினுங்குது. எப்பிடி எடுக்குறது?

துணி வெளுக்கும் குளோரின் திரவத்தில் போட்டால் சில நிமிடம் முதல் சில மணிநேரத்துக்குள் குரோம் கரைந்துபோகும். பிளாஸ்டிக்குக்கு ஒன்றும் ஆகாது. கையுறை போடுங்கள். கழிவறை கழுவும் அமிலத் திரவம் எதையும் அதோடு சேர்க்காதீர்கள், நச்சு வாயு வரும். குரோமுக்கு அடியில் மஞ்சள் அரக்குப் பூச்சு ஒன்று மிஞ்சலாம். மூட்டுகளில் மட்டும் அதைச் சுரண்டினால் போதும். பிறகு பளபளப்புக் கறுப்பு அடித்து அதன்மேல் வெள்ளி அடித்தால் உண்மைப் பம்பர் போல இருக்கும்.

17. பழைய கிட் ஒன்னு வாங்கினேன். டயர் பட்ட இடமெல்லாம் ரிம் உருகியிருக்கு.

மென்மையான வினைல் டயரிலிருந்து கசியும் எண்ணெய் பொலிஸ்டைரீனைக் கரைக்கும். பழைய அமெரிக்கக் கிட்களில் இது அதிகம். டயர்களை எடுத்துத் தனிப் பையில் போடுங்கள், கண்ணாடிப் பாகங்களுக்குப் பக்கத்திலும் வைக்காதீர்கள். உருகிய பள்ளத்தைப் பட்டி வைத்து நிரப்பித் தேய்க்கலாம். பொருத்துமுன் ரிம்மின் உட்பக்கத்தை நன்றாகப் பெயின்ட் அடித்து, டயருக்கும் அதற்கும் நடுவில் மெல்லிய அலுமினியத் தாள் ஒரு சுற்றுப் போட்டால் மறுபடி வராது.

18. நம்ம கொழுந்து லொறி மாதிரி செய்யணும். அப்பிடி ஒரு கிட்டே இல்லையே?

இல்லாததுதான் இந்த வேலையின் சுவை. கெபினும் சேசிஸும் ஒரு கிட்டிலிருந்து, பின்போடி உங்கள் கையால். கிட்டைத் தேர்ந்தெடுக்கும்போது கெபினின் அழகைப் பார்க்காமல் முன்சில்லுக்கும் பின்சில்லுக்கும் உள்ள தூரத்தைப் பாருங்கள். சேசிஸ் நீளமென்றால் நடுவில் வெட்டி, உள்பக்கம் 1 மில்லிமீட்டர் தகடு வைத்து ஒட்டிக் குறைக்கலாம்.

அளவுக்கு உண்மை லொறியைச் சாரதியிடம் கேட்டு அளப்பது முதல் வழி. முடியாவிட்டால் நேர் பக்கவாட்டில், தூரத்திலிருந்து படம் எடுங்கள். கிட்டத்தில் எடுத்தால் ஓரங்கள் வளைந்து தெரியும். டயர் அளவைக் குறித்துக்கொள்ளுங்கள். 7.50-16 டயரின் உயரம் ஏறக்குறைய 80 சென்டிமீட்டர், 1/24இல் 3.3. படத்தில் அந்த டயரை அளவுகோலாக வைத்துப் போடி, கெபின், கதவு எல்லாவற்றையும் கணக்கிடலாம்.

பலகைப் போடிக்குத் தேநீர் கலக்கும் மரக்குச்சிகள் நல்லவை. ஐஸ்பழக் குச்சி 2 மில்லிமீட்டர் தடிப்பு, 1/24இல் கிட்டத்தட்ட இரண்டு அங்குலப் பலகையாகிவிடும், கண்ணுக்கு உறுத்தும். ஆறு அங்குலப் பலகைக்குக் குச்சியைக் கால் அங்குல அகலத்தில் சீவுங்கள். பலகைகளுக்கு நடுவில் மயிரிழை இடைவெளி விடுங்கள். இரும்புச் சட்டங்களுக்கு, யோகட் கப்பின் அடியில் முக்கோணத்துக்குள் 6 என்று இருக்கிறதா பாருங்கள். இருந்தால் அது பொலிஸ்டைரீன், மாடல் கம் பிடிக்கும். பெயர்ப்பலகைக் கடையில் மிஞ்சும் தகடுகள் பெரும்பாலும் அக்ரிலிக் அல்லது பி.வி.சி. ஒரு துளி கம் விட்டு, இளகி ஒட்டுகிறதா என்று பார்த்தபின் எடுங்கள்.

கொழுந்துச் சாக்குக்குப் பழைய பருத்தித் துணியைவிட எபொக்சிப் பட்டி நல்லது. உருட்டி, ஈரமான மெல்லிய துணியை அழுத்தி எடுத்தால் நெசவு பதியும். சாக்குகளை ஒரே உயரத்தில் அடுக்காதீர்கள். அடியிலிருப்பது நசுங்கியும் மேலிருப்பது உப்பியும் இருந்தால்தான் பாரம் தெரியும்.

19. தேயிலை மலை ரோட்டுல நிக்கிற மாதிரி, சேறும் செம்மண்ணும் எப்பிடி வைக்கிறது?

வரிசை மாறக்கூடாது: நிறம், பளபளப்புக் கிளியர், டிகால் (14ஆம் பதில்), கோடுகளில் எனாமல் கழுவல், மங்கல் கிளியர், கடைசியில் மண். கழுவலுக்குக் கறுப்பைவிடக் கரும்பழுப்பு பொருத்தம். எனாமலை டர்பன்டைனில் நீர்க்கக் கரைத்துக் கோட்டில் தொட்டால் ஓடும். பெயின்ட் படாத பிளாஸ்டிக்கில் அது தேங்கினால், அழுத்தத்தில் இருக்கும் மெல்லிய பாகம் முறியும். மண்ணெண்ணெய் வேண்டாம், பசை மிஞ்சும்.

மண்ணுக்கு ரோட்டோரச் செம்மண்ணையே எடுக்கலாம். பழைய சட்டியில் வறுத்து ஈரத்தைப் போக்கி, நைலோன் துணியில் சலியுங்கள். வறுக்காத மண்ணில் பூஞ்சணம் பூக்கும். மங்கல் அக்ரிலிக்கில் குழைத்து, நனைந்த பிரஷ்ஷை விரலால் தட்டி மட்கார்ட் உட்புறம், பின்சில்லுக்குப் பின்னால், போடியின் கீழ் ஓரத்தில் தெறிக்க விடுங்கள். கூரைக்கும் பொனட்டுக்கும் சேறு ஏறாது. அங்கே மழை கழுவிய தூசிக் கோடுகள் மேலிருந்து கீழாக இருக்க வேண்டும். டயர் ஓடும் முகத்தை 400 பேப்பரால் தேய்த்து மினுக்கத்தைப் போக்குங்கள்.

தேயிலைச் செடி 1/24இல் ஒன்றரை அங்குல உயரம் போதும். காய்ந்த பீர்க்கங்காய் நாரையோ கரடான ஸ்பொஞ்சையோ வெட்டிக் கடும்பச்சையில் நனைத்து, மேல்முகத்தை மட்டும் இளம்பச்சையால் ஒற்றுங்கள். மேல்பக்கம் பலகை போல மட்டமாக இருக்கட்டும். உருண்டையாக விட்டால் வேறேதோ பூச்செடியாகிவிடும். வரிசைக்கு வரிசை நான்கு அடி, செடிக்குச் செடி இரண்டு அடி என்ற நடுகைக்கு இரண்டு அங்குலமும் ஓர் அங்குலமும். செடியடிச் சருகுக்குக் குடித்த தேயிலைச் சாயச் சக்கையை நன்றாகக் காயவைத்துத் தூவி, நீர்த்த வெள்ளைக் கம்மால் பிடிக்க வையுங்கள். சக்கையில் சீனியோ பாலோ கலந்திருந்தால் எறும்பு வரும்.

20. பெயின்ட் முழுக்கக் கெட்டுப்போச்சு. போடியைத் தூக்கி எறியத்தானா?

எறிய வேண்டாம். ஐசோபுரோப்பைல் அல்கஹோலில் ஓரிரவு மூழ்கவைத்துப் பல்துலக்கியால் தேய்த்தால் அக்ரிலிக் கழன்றுவிடும், மாடல் லெக்கரும் பெரும்பாலும் வரும். கண்ணாடிப் பாகத்தை அதில் போடாதீர்கள். 6ஆம் பதிலில் சொன்னபடி கரைப்பான் பிளாஸ்டிக்கையே அரித்திருந்தால் மட்டும், பெயின்ட் போனபின் 400 பேப்பரில் தொடங்கி மறுபடி மட்டமாக்க வேண்டும்.

21. கண்டிக்குப் பஸ்ஸுல கொண்டுபோகணும். வளைவுல உடையாம இருக்க என்ன செய்யலாம்?

சில்லில் நிற்கவிட்டால் முதல் கொண்டை ஊசி வளைவிலேயே அச்சு முறியும். சேசிஸின் அடியில் இரண்டு சிறு நட் ஒட்டி, கீழேயிருந்து மரப்பலகை வழியாக ஸ்க்ரூ போட்டு இறுக்குங்கள். டயர் பலகையைத் தொட்டும் தொடாமலும் இருக்கட்டும். பலகையைப் பெட்டியின் அடியோடு பொருத்துங்கள். பக்கக் கண்ணாடிகள், வைப்பர், ஏரியல் ஆகியவற்றைக் கழற்றக்கூடியதாக வெள்ளைக் கம்மால் மட்டும் ஒட்டியிருந்தால் தனியே எடுத்துவைக்கலாம்.

குமிழ்ப் பிளாஸ்டிக்கால் போடியை நேரே சுற்றாதீர்கள். இரண்டு மூன்று வாரத்துக்குள் அடித்த பெயின்டில் குமிழின் வட்டங்கள் அப்படியே பதியும். சுற்றத்தான் வேண்டுமென்றால் முதலில் மெல்லிய டிஷ்யூ, அதன்மேல் குமிழ்த்தாள். பஸ்ஸில் பெட்டியை மேல் ராக்கையில் வைக்காமல் மடியில் வைத்துக்கொள்ளுங்கள்.